நடுச்சரிவில் இரண்டு நிமிஷம்

ஸ்வீட்லின் டீச்சருக்குப் பனி என்றால் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் படிந்திருக்கும் வெள்ளைதான். மலை என்றால் மாஞ்சோலை. அதுவும் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில், வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்துக்கொண்டே பஸ்ஸில் போய்வந்ததுதான். முக்கூடலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்து, நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. ஆனாலும் மனசில் பாதி எப்போதும் காஷ்மீரில் கிடந்தது. புருஷன் ஹெப்ரான் அங்கேதான் இருந்தார்.

அவர் பட்டாளத்துக்காரர். கல்யாணச் சேலையின் மடிப்பு கலைவதற்குள் லீவு முடிந்து ரயிலேறிவிட்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஃபோன் கிடையாது. கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அப்போது இரண்டு பேரும் செய்துகொண்ட ஏற்பாடுதான் இது. தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், அதை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் ஜெபம் பண்ண வேண்டும். அதே நேரம் அவளும் இங்கே பண்ணுவாள். ஒரே வீட்டில் சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபிக்க முடியாதவர்கள் ஒரே நேரத்திலாவது போடலாமே என்று சொன்னது ஸ்வீட்லின்தான்.

பள்ளிக்கூடத்தில் அது நாலாவது பீரியட். இலை தன் சாப்பாட்டை எப்படிச் சமைத்துக்கொள்கிறது என்று நடத்திக்கொண்டிருந்தாலும் சரி, இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பன்னிரண்டு ஆனதும் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிவிடுவாள். பிள்ளைகளுக்கும் பழகிப்போயிற்று. வகுப்பிலேயே பெரிய சேட்டைக்காரிகூட அந்த இரண்டு நிமிஷம் வாயைத் திறப்பதில்லை. புதிதாக வந்த தலைமையாசிரியை ஒருவர் இதென்ன வழக்கம் என்று கேட்டுப் பார்த்தார். ஸ்வீட்லின் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அவள் தெருவில் ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஹெப்ரான் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது, மற்றவர்களைப்போல ஏதாவது வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்காருவார் என்று அவள் நினைத்தாள். ஒரு வருஷம் உட்கார்ந்தும் பார்த்தார். உடம்பு இங்கே இருந்ததே தவிர ஆள் இங்கே இல்லை. பட்டாளத்தில் அவருக்குப் பனியில் சறுக்கப் பழக்கியிருந்தார்கள். குல்மார்க் பக்கம் ஒரு கம்பெனி வழிகாட்டி வேலைக்குக் கூப்பிட்டதும், கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலிருந்து மழைக்காலமும் கோடையும் பாளையங்கோட்டை, குளிர்காலம் காஷ்மீர் என்று ஆகிப்போயிற்று.

அது என்ன வேலை என்று அவர் விளக்கியபோது ஸ்வீட்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பியில் தொங்கிப் போகிற வண்டியில் மேலே போய்ச் சறுக்கி இறங்குவது சாதாரண ஆட்கள் செய்வதாம். இவர்கள் வண்டியே போகாத மலையில், காலில் நீளமான சறுக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறுவார்களாம். பட்டைக்கு அடியில் ரோமத்துணி ஒன்றை ஒட்டிக்கொண்டால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அரை நாள் ஏறி, துணியை உரித்துப் பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் சறுக்கிக் கீழே வந்துவிடுவார்கள்.

"இதுக்கு பெங்களூர்ல இருந்தும் பம்பாய்ல இருந்தும் ஆளு வருதா? கிறுக்குப் பிடிச்சவங்கதான்" என்றாள்.

சிரிப்பாக இருந்தது முதல் வருஷம்தான். பனி என்பது ஒன்றில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரி காற்றடித்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். அதன் மேல் புதுப்பனி விழும். அடியிலோ சீனியைப்போல ஒட்டாத உதிரிப்பனி. காலையில் கல்லாக இருக்கிற சரிவு மத்தியானம் கஞ்சியாகிவிடும். ஒரே சரிவில் நாலெட்டு தள்ளி வேறு பனி. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாலைக் காட்டி ஹெப்ரான் அவளுக்குப் புரியவைத்தார். மேலே இருக்கிற ஆடை பார்வைக்குக் கெட்டி. விரலை வைத்து அழுத்தினால் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் சந்தேகமான சரிவை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஹெப்ரான் ஒரு நாள் ஜெபத்தை விட்டுவிட்டார். மலையேற வந்தவர்களில் ஒருவருக்கு மூச்சுத் திணறி அவரை இறக்கிக்கொண்டிருந்ததில் நேரம் தெரியவில்லை என்று சாயங்காலம் ஃபோனில் வெள்ளந்தியாகச் சொன்னார். மறுநாள் அவருக்கு நல்ல காய்ச்சல். ஸ்வீட்லின் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், எங்கே இருந்தாலும் நிற்பேன் என்று அவரிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் தண்ணீர் குடித்தாள். அதோடு விடவில்லை. அலாரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்றையும் கூரியரில் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை.

இந்த ஜனவரிக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. பனிச்சரிவில் ஹெப்ரான் மாட்டிக்கொண்டார், தோள்பட்டை நழுவிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஸ்வீட்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே ஃபோனைத் தேடினாள். எப்போது நடந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றியது. சரியாக மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் என்றார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் கரும்பலகையைப் பார்த்து நின்ற அதே நேரம்.

செய்தி தெருவுக்குப் போய், தெருவிலிருந்து சபைக் கோயிலுக்குப் போயிற்று. மனைவி இங்கே முழங்கால் போட்ட அதே நிமிஷத்தில் அங்கே கர்த்தர் கையை நீட்டித் தூக்கிவிட்டார் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசாத ஆள் இல்லை. பாதிப்பேர் தங்கள் ஃபோனிலும் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி சவூதியில் இருக்கிற மகனையும் வைக்கச் சொல்லிவிட்டாளாம். ஹெப்ரான் கையைக் கழுத்திலிருந்து தொட்டிலில் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்றே குருவானவர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். வருகிற ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரம் ஏறெடுப்பது, ஸ்வீட்லின் டீச்சர் எழுந்து நடந்ததைச் சாட்சியாகச் சொல்வது என்று அப்போதே முடிவாயிற்று. ஹெப்ரான் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் ஃபோன் அடித்தது. அப்ரார். ஆறு குளிர்காலமாக ஹெப்ரானோடு மலையேறுகிற காஷ்மீர்ப் பையன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஸ்வீட்லினை அண்ணி என்று கூப்பிடுவான். புருஷனோடு இரண்டு வருஷம் ஜபல்பூர்ப் பட்டாளக் குடியிருப்பில் இருந்தபோது கற்றுக்கொண்ட உடைந்த ஹிந்தியில் அவள் அவனிடம் பேசுவாள். அந்தப் பனிச்சரிவில் அவனுக்கும் காலில் அடி என்று மட்டும் ஹெப்ரான் சொல்லியிருந்ததால், இப்போது நடக்க முடிகிறதா என்று கேட்டாள்.

செயற்கைக் கால் பொருத்த இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று சொல்கிறார்கள் அண்ணி என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹிந்தி சரியாகப் புரியவில்லையோ என்று திரும்பக் கேட்டாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அவன் இன்னும் எளிமையாகச் சொன்னான். அவளுக்குத் தெரியும் என்றே அவன் நினைத்திருக்கிறான். அதனால்தான் அடுத்ததையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாமே, அவரைத் தேற்றுங்கள் என்றான். ஜெபத்துக்காக நின்றதில் பாவம் ஒன்றும் இல்லை, இடம்தான் தப்பு என்றான். அன்றைக்கு வந்தவர்கள் மெதுவாக ஏறியதால் பன்னிரண்டு மணிக்குள் பனி சரியாத மரங்களுக்குள் போக முடியவில்லை. அண்ணன் முதல் ஆளாகச் சரிவைக் கடந்துகொண்டிருந்தபோது கைக்கடிகாரம் அடித்தது. நட்டநடுவில் நின்று தலையைக் குனிந்துவிட்டார். அப்ரார் பாறைப் பக்கமிருந்து கத்தியிருக்கிறான்; எதிர்க்காற்றில் கேட்கவில்லை. இங்கே வேண்டாம் என்று தோளைத் தொட்டுச் சொல்ல இவனே போயிருக்கிறான். கிட்டே போனதும் நெல்மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான், பொருக்கு உடைந்து சரிவே கிளம்பிவிட்டது. ஹெப்ரானைப் பாறைத் திட்டில் தள்ளிவிட்ட பனி அப்ராரை மரங்கள் வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை அண்ணி என்று சொல்லி அவன் ஃபோனை வைத்தான். அந்த வார்த்தைதான் அவளை வெட்டிப் போட்டது.

ஹெப்ரான் துண்டோடு வெளியே வந்தபோது அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ராருக்குக் காலை எடுத்தாச்சா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "யாரு சொன்னா?"

"அவன்தான். நீங்க நடுச்சரிவுல நின்னியளாம். நான் சொன்னதுக்காவ நின்னியளாம்."

"நின்னது நான். நீ இல்ல."

"நிக்கச் சொன்னது நான்லா."

ஹெப்ரான் கட்டிலில் உட்கார்ந்தார். மணி அடித்ததும் கால் தானாக நின்றுவிட்டது என்றார். நிற்கக்கூடாத இடம் என்று தெரிந்தும் நின்றேன்; காலடியில் பொருக்கு கெட்டியாக இருந்தது, இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன் என்றார். இத்தனை வருஷம் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நேரத்தில் எனக்கே உதவவில்லை என்றார்.

"எங்கிட்ட ஏன் மறைச்சிய?"

"சொன்னா நீ அதுக்கப்புறம் முழங்கால் போட மாட்ட. எனக்குத் தெரியும்லா உன்னைய." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நாளைக்கு ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துரு ட்டி. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று சோறு பொங்கியது அவளுக்கு நினைவிருக்கிறது, சாப்பிட்டார்களா என்பது நினைவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்த இரண்டு நிமிஷத்தின் மேல்தான் அவள் தன் உயிரை ஊன்றி வைத்திருந்தாள். அதுவே ஒருவன் காலை வாங்கிவிட்டது என்றால், இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? ஒன்றும் சொல்லாமல் விட்டால் புருஷனும் மிஞ்சுவார், மரியாதையும் மிஞ்சும். ஜெபமும் மிஞ்சும் என்றுதான் அவர் சொல்கிறார். பொய்யின் மேல் மிஞ்சுகிற ஜெபம் எதற்கு ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ஹெப்ரானை உட்காரவைத்திருந்தார்கள். அறிவிப்புகள் முடிந்ததும் குருவானவர் நடந்த அற்புதத்தைத் தானே பாதி சொல்லிவிட்டு, மீதியை நம் சகோதரி சொல்வார்கள் என்று மைக்கை நீட்டினார். ஸ்வீட்லின் எழுந்து போனாள். பெண்கள் பக்கத்தில் அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. ஹெப்ரான் மட்டும் பைய தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"எல்லாரும் இவங்க பொழைச்சதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுதிய" என்று ஆரம்பித்தாள். "பன்னிரண்டு மணிக்கு எங்க இருந்தாலும் நிக்கணும்னு சாப்பிடாமக் கெடந்து வாக்கு வாங்கினது நான். அதனாலதான் இவங்க நிக்கக்கூடாத எடத்துல நின்னாங்க. அதனாலதான் பனி சரிஞ்சுது. இவங்களைக் கூப்பிட வந்த அப்ராருக்கு ஒரு கால் போயிட்டு."

முன்வரிசையில் யாரோ வாயில் கையை வைத்தார்கள்.

"அந்த ரெண்டு நிமிஷமும் நான் கண்ணை மூடிட்டு என் புருஷனை மட்டும் காப்பாத்தும்னுதான் கேட்டேன். பக்கத்துல இன்னொரு பிள்ளையும் நிக்கும்னு எனக்குத் தோணல. அவன் அம்மாவும் ஒருவேளை அதே நேரம் தொழுதுக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதே தோன்றவில்லை. குருவானவருக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல மனுஷன், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைத்திருப்பார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். பிறகு, அந்தச் சகோதரன் அப்ராருக்காக எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் பண்ணுவோம் என்றார்.

பெஞ்சுகள் கிறீச்சிட சபை மொத்தமும் எழுந்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன, எல்லாக் கண்களும் மூடின. குருவானவர் ஜெபிக்கத் தொடங்கினார். ஸ்வீட்லின் கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை. இமை இறங்கவே மாட்டேன் என்றது. திடுக்கிட்டுப் போய் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்த தலைகளுக்கு நடுவில், கையைத் தொட்டிலில் கட்டியபடி, ஹெப்ரானும் கண்ணைத் திறந்துகொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.