அண்ணனின் ஆக்டோபஸ் கேம்

பேய், ஜாம்பி என்று வரும் வீடியோ கேம்கள் எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

கார் ரேஸ் ஆடினால் தூக்கம் வரும். துப்பாக்கிச் சண்டை வெறும் இரைச்சல். மாதா கோயில் திருவிழாவில் காசு போட்டு ஆடிய விண்கலச் சண்டை மட்டும் பரவாயில்லை.

நான் பயந்தது ஒன்றுக்குத்தான். எண்பதுகளில், பிரான்சிலிருந்து லீவில் வந்த மாமா அண்ணனுக்குக் கொடுத்த, உள்ளங்கை அளவு ஆக்டோபஸ் கேம். அதில் ஜெயிக்கவே முடியாது. வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் ஆக்டோபஸ் பிடித்துவிடும்.

அண்ணன் காய்ச்சலில் இறந்தபோது, சவப்பெட்டியில் அவன் கையருகே அதை வைத்து, வில்லியனூரில் அடக்கம் செய்தோம்.

இன்று பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் அதே கேம். பின்பக்கம் அண்ணன் காம்பஸ் முனையால் கீறிய பெயர்: அருள்.

"நல்லா ஓடுது, பாருங்க சார்" என்று கடைக்காரர் ஆடிக் காட்டினார்.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"இன்னாடா சொல்ற? அந்தக் கல்லறைய இன்னும் யாரும் தொறக்கவே இல்லியே! செத்தவனுக்குக் குடுத்தத வூட்டுக்கு எடுத்தாராதடா!"

வாங்கிவிட்டேன். பேட்டரியை மட்டும் கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.

இப்போது, அதை அண்ணன் கல்லறையிலேயே வைத்துவிட வில்லியனூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். மடியில் இருக்கும் பைக்குள்ளிருந்து பீப், பீப் என்று கேட்கிறது. வேகம் கூடிக்கொண்டே போகிறது.

பக்கத்து சீட்டுக்காரரின் போனாகத்தான் இருக்கும். யாராவது ஆமாம் என்று சொல்லுங்களேன்.