சுற்று குறைந்த ரெக்கார்ட்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், செங்கல்பட்டில் நான் படித்த பெண்கள் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளி மைதானத்தில் நான் ஓடிய மூவாயிரம் மீட்டர் ரெக்கார்டை அதுவரை எந்த மாணவியும் முறியடிக்கவில்லை. மறைமலைநகரில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்கு ஊரில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

காலையிலேயே போய்விட்டேன். கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அங்கே ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளை முந்த மாவட்டத்தில் ஆளில்லை என்றார்கள்.

"எவ்ளோ ஓடினாலும் உங்க டைமைத் தொட முடியலக்கா. அந்தக் காலத்துப் புள்ளைங்க மாதிரி வராதுன்றாங்க. இத்தோட வுட்டுடலாம்னு கீறேன்" என்றாள்.

விடாதே என்று மட்டும் சொன்னேன்.

விழாவுக்காக மைதானத்தை டேப்பில் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த பி.டி. டீச்சர் சற்று நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் காலத்தில் ஒரு சுற்றை நானூறு மீட்டர் என்று கணக்கு வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். அளந்தால் அவ்வளவு வரவில்லை. இந்தப் பெண்ணோ மாவட்ட மைதானத்தில் முழு தூரமும் ஓடுகிறவள். மறுபடி அளக்கச் சொன்னேன். அதேதான்.

"பழைய கதை மேடம், விடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

மேடையில் ஏறி உட்கார்ந்தேன். மாமியார் வீட்டில்கூட என்னை அந்த ரெக்கார்டை வைத்துத்தான் அறிமுகப்படுத்துவார்கள். ஆனால் மைக் கைக்கு வந்ததும், வரிசையில் நின்ற அவள் முகம்தான் கண்ணில் பட்டது. நடந்ததைச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியைக்கு முகம் வாடிவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

இறங்கியதும் அவள் ஓடி வந்தாள். "அப்போ நீங்க எவ்ளோ தூரம்தான்க்கா ஓடினீங்க?"

"இன்னும் கணக்குப் போட்டுப் பாக்கலம்மா."

"ஆனா வேகமாத்தானே ஓடினீங்க?"

"அதுல சந்தேகமில்ல."

சிரித்துவிட்டாள். அவள் ஓட்டத்தை விடவில்லை. அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள்.

எங்களில் யார் பெரிய ஆள் என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. அவள் பேரைச் சொல்லும்போது எனக்கு எதையும் இழந்த மாதிரி தோன்றுவதே இல்லை.