கூக்காலில் பன்னிரண்டு வோல்ட்

கூக்கால் மலையில் மூன்று நாளாக மேக மூடாப்பு. ஊரிலும் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் வேனின் கூரையில் சோலார் தகடு சும்மா கிடக்கிறது. அதன் பாட்டரி தீர்ந்ததும் இன்ஜின் பாட்டரியில் ஒயரை மாட்டி, அதையும் நான்தான் தீர்த்தேன். பத்து மணிக்கு என் மனைவிக்குப் போனில் இன்டர்வியூ; போனில் சார்ஜ் இல்லை.

பூண்டுத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த அக்கா, முதுகில் ஸ்பிரேயரோடு வேனுக்குள் எட்டிப் பார்க்கிறார். மனைவி நிலைமையைச் சொல்கிறாள்.

"சோலார் பாட்டரி எத்தன வோல்ட்டுங்க?"

"பன்னிரண்டு," என்கிறாள் மனைவி. இருபத்துநாலுதான் வேண்டும் என்று கடையில் ஒரு மணி நேரம் வாதாடியவன் நான்.

"நல்லவேளை. என் மிஷினும் பன்னெண்டுதான். இருபத்துநாலுன்னா நான் ஒண்ணும் பண்ணிருக்க முடியாது."

ஸ்பிரேயர் பாட்டரியைக் கழற்றி, எங்கள் பாட்டரி இருந்த இடத்தில் மாட்டுகிறார். போனில் சார்ஜ் ஏறுகிறது.

"அப்ப உங்க வேலை?" என்கிறேன்.

"சோலி நிக்காதுங்க. மிஷின்ல கைப்பிடியும் இருக்கு. என்ன, கையால அடிச்சா தோள்பட்ட கழண்டுரும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார். மனைவியும் பார்க்கிறாள்.

பத்து மணிக்கு அவள் வேனுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் மருந்து டப்பாவை முதுகில் சுமந்து, மூன்றாவது பூண்டுப் பாத்தியில் கைப்பிடியை அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எத்தனை வோல்ட் என்று யாரும் கேட்கவில்லை.