முட்டி போட்ட சிப்பாய்

"சட்டம் படிக்கிற பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிற. ஒரு பொம்மைப் பெட்டிக்கு நாலு வரி எழுதத் தெரியலையே பாப்பா?"

இப்படிக் கேட்டவர் அம்மா சாயம் பூசும் பீங்கான் பட்டறையின் முதலாளி. நான் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு விரலால், ஈரத் துணியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். எனக்கு முன்பே அப்பா நுழைந்திருக்கிறார், சுவருக்கு வெள்ளையடிக்க. இப்போது சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வரவில்லை.

அப்போது எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. விருத்தாசலத்திலிருந்து எல்லை இரண்டு நாள் ரயில் தூரம். ஆனால் அந்த வாரம் ஜங்ஷன் டீக்கடையில் நின்று கேட்டால் அது பக்கத்து ஊரான பெண்ணாடத்துக்கும் நமக்கும் நடுவில் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள், படை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் ஒரே கருத்தாக இருந்தார்கள்.

அந்த வாரம்தான் எல்லோர் போனிலும் ஒரு வீடியோ வந்தது. பிடிபட்ட எதிரிச் சிப்பாய் என்றார்கள். கண்ணைக் கட்டி, கையைப் பின்னால் கட்டி, முட்டி போட வைத்திருந்தார்கள். எந்த ஊரில் எடுத்தது, எந்த வருடத்தில் எடுத்தது, அவன் சிப்பாய்தானா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசரமும் இல்லை. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் அந்த முதலாளிதான். மூன்று கொடிகளும் ஏழெட்டுச் சிரிக்கும் முகங்களும் சேர்த்து அதை அனுப்பியிருந்தார்.

மறுநாளே அவருக்கு யோசனை வந்துவிட்டது. கொலுவுக்குக் கல்யாண செட், கிரிக்கெட் செட் விற்பதுபோல இந்த வருடம் 'வெற்றி செட்'. துப்பாக்கியோடு மூன்று சிப்பாய், நடுவில் கைதி ஒருவன். நிற்கும் சிப்பாய்க்கு அச்சு இருந்தது. கைதிக்கு இல்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்காகச் செய்யும் மேய்ப்பன் ஒருவன் பட்டறையில் முட்டி போட்டிருந்தான். அவன் கையிலிருந்த ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டு, கைகளைப் பின்னுக்குத் தள்ளி, சிப்பாயின் தலையை ஒட்டினார்கள். ஆக நின்றவனுக்கும் முட்டி போட்டவனுக்கும் ஒரே முகம். வித்தியாசம் உடுப்பின் நிறம் மட்டும். நம் ஆளுக்குப் பச்சை, எதிரிக்குக் காக்கி.

பெட்டிமேல் ஒட்ட நாலு வரி வேண்டும் என்று முதலாளி அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். நான் எழுதினேன்: "பிடிபட்ட வீரர் ஆயுதம் இல்லாதவர். அவரை அவமானப்படுத்துவதும், கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவதும் போர்ச் சட்டப்படி தவறு. நம் நாடும் இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறது."

அதைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

"இத ஒட்டுனா எவன் வாங்குவான்? 'எதிரிக்கு நாங்கள் கொடுத்த பரிசு'ன்னு எழுதும்மா, சுருக்குனு."

"ஏன் சார், சில வருசத்துக்கு முன்ன நம்ம ஆளு ஒருத்தரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாருல்ல? அவர வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்கன்னு நீங்க என்னா குதி குதிச்சீங்க! ஜெனீவான்னு ஒரு ஊர்ல போர்க்கைதிக்கு சட்டம் போட்டிருக்காங்கன்னு எனக்கே நீங்க அனுப்புன மெசேஜ பாத்துத்தான் தெரியும்."

"அது நம்ம ஆளு," என்றார் முதலாளி.

மூன்று வருடமாகத் தீர்ப்புகள் படிக்கிறேன். இவ்வளவு சுருக்கமான தீர்ப்பை எங்கும் பார்த்ததில்லை.

கடைசியில் அவரே எழுதிக்கொண்டார். பொம்மைகள் சாயத்துக்கு வந்தன. பட்டறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: சூளைக்குப் போகும்வரை சாயத்தின் உண்மை நிறம் தெரியாது. பச்சையும் காக்கியும் கிண்ணத்தில் ஒரே அழுக்குக் கருப்பாக இருக்கும். நெருப்பு பட்ட பிறகுதான் அதது தன் நிறத்துக்கு வரும். அதனால் ஒவ்வொரு கிண்ணத்தின் முன்னாலும் அந்தச் சாயம் பூசிச் சுட்ட சில்லு ஒன்றை வைத்திருப்பார்கள். பெண்கள் சில்லைப் பார்த்துத்தான் பூசுவார்கள். முதலாளி குரூப்பில் போடுவதற்காக மேசையைப் படம் எடுத்தார். படம் அழகாக வர வேண்டுமென்று சில்லுகளை ஒதுக்கினார். எடுத்து முடித்துத் திரும்ப வைத்தார், இடம் மாற்றி.

சூளையைத் திறந்த அன்று அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பொம்மைகள் அடுக்கிய சூளை வண்டியை வெளியே இழுத்தார்கள். காக்கி உடுப்புப் போட்ட எதிரிகள் மூன்று மூன்று பேராக, துப்பாக்கியோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். அவர்கள் காலடியில், பச்சை உடுப்பில், நம் சிப்பாய் முட்டி போட்டிருந்தான்.

சூளைக்காரர் வேடிக்கையாக நினைத்துப் படம் எடுத்துத் தெரு குரூப்பில் போட்டார். டிபனை நான் பிரித்து வைப்பதற்குள் நாலு பைக் வந்து நின்றது.

"நம்ம சிப்பாய் கையக் கட்டுனது எவன்டா?"

"மாட்டிக்கிட்டவன முட்டி போட வைக்கிறதா? மனுசங்களா நீங்க? அதுக்குன்னு சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை, நாலு பைக்கில் வந்து என்னைவிடச் சத்தமாகச் சொல்கிறார்கள். சட்டம் ஊருக்குள் வந்து சேர ஒரு கிண்ணம் பச்சைச் சாயம் போதுமானதாக இருந்தது.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. முதலாளி கையை நீட்டினார். "இந்தம்மாதான் பூசுனது."

ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "இந்தா, முன்னாடி வாம்மா. கேமராவப் பாத்து மன்னிப்புக் கேளு."

"ஒரு வார்த்த சொல்லிடும்மா, போயிடுவாங்க," என்றார் முதலாளி.

"சும்மா சொன்னா போதுமா? முட்டி போட்டுச் சொல்லட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கைதியை முட்டி போட வைக்கலாமா என்று ஒரு நிமிடம் முன்பு நியாயம் கேட்டது இதே குரல்தான்.

அம்மா சாயக் கையைப் புடவையில் துடைத்தாள். வாக்குவாதத்தை முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பும் அவசரம் அவள் முகத்தில் இருந்தது. குனிந்தாள். ஒரு முட்டி தரையைத் தொடுவதற்குள் நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துவிட்டேன்.

"எழுந்திரும்மா. எங்கம்மா பேச மாட்டாங்க. நான் பேசறேன், எடுங்க."

எடுத்தான். நான் கேமராவைப் பார்த்து ஆரம்பித்தேன். போர்க்கைதி என்றால் யார், அவரை எப்படி நடத்த வேண்டும், அவருடைய உடுப்பு எந்த நிறமாக இருந்தாலும் ஏன் அப்படி நடத்த வேண்டும் என்று மூன்று விஷயம் வரிசையாகச் சொல்ல வைத்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் இன்னும் மூன்றாவது விஷயத்துக்கே வரவில்லை, போன் இறங்கிவிட்டது.

"யக்கா, இது ரொம்ப நீளமாப் போவுது. இத எவன் பாப்பான்?"

அதோடு அவர்களுக்கு அலுத்துவிட்டது. பொம்மைகளை உடைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். முதலாளி சுத்தியலை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். பச்சை உடுப்புப் போட்ட சிப்பாயை உடைப்பதை யாராவது படம் எடுத்துவிட்டால்? விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. சாக்குப் போட்டு மூடி குடோனில் வைத்திருக்கிறார். அந்தக் கைதிகளுக்கு விடுதலை எப்போது என்று தெரியவில்லை.

அம்மாவைப் பத்து நாள் வர வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சில்லு இடம் மாறிய கதையை அம்மா சொன்னாள்; சூளையைத் திறந்தபோதுதான் அவளுக்கே அது புரிந்ததாம்.

"இத அங்கியே சொல்றதுக்கு என்னாம்மா?"

"சொல்லியிருந்தா அந்தாள அடிச்சிருப்பானுங்கடி. அவரு சுகர்காரரு, தாங்குவாரா?"

இவள் ஜெனீவா என்ற பெயரைக் கேட்டதே இல்லை.

என் பேச்சு எந்தக் குரூப்பிலும் வரவில்லை. அதற்கு முன்பு எடுத்திருந்தது வந்தது. அம்மா குனியும் பத்து விநாடி, கீழே 'துரோகி' என்று ஒரு வார்த்தை. முதலாளி அதை நீக்கவில்லை. கேட்டதற்கு, "நானா போட்டேன்? ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க பாப்பா," என்றார். மறக்கவில்லை. பாலக்கரைப் பக்கம் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கடைக்காரம்மா உற்றுப் பார்த்து, "ஏம்மா, முட்டி போட்டது நீதான?" என்று கேட்டாள். அம்மா காய் வாங்காமல் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு முந்தானையை இழுத்து மூடாமல் தெருவில் இறங்கவில்லை. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான முகங்களுக்குக் கண் எழுதியவள், தன் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

புகார் கொடுக்கலாம் என்றேன். "மொதலாளி பேரு மட்டும் வேணாம்டி," என்றாள். இரண்டு நாள் அதிலேயே நின்றாள். மூன்றாம் நாளும் வீடியோ குரூப்பில் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்படியிலிருந்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "எழுது. அவரு பேரையும் எழுது."

மனுவை நானே தயாரித்தேன். வீடியோ எடுத்தவன் பெயர், நீக்க மறுத்த அட்மின் பெயர், குரூப்பில் வீடியோ வந்த நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட். படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் அம்மா நிறுத்தினாள். "'ஏழைப் பெண்'ணுன்னு எதுக்குப் போட்ட? அத எடு." எடுத்தேன்.

இன்று காலை இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் அம்மா முந்தானையைத் தோளுக்கு இறக்கிக்கொண்டாள். உள்ளே எழுத்தர் நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். மனு ஏற்புச் சீட்டில் நாளைக் காலை பத்து மணிக்கு அம்மா, வீடியோ எடுத்தவன், முதலாளி என மூன்று தரப்பும் விசாரணைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.