தங்க விளிம்பு கார்டு

ஒரு வருடமாகத் தேடிய கிரிக்கெட் கார்டு இன்று என் கைக்கு வந்தது. தங்க விளிம்பு போட்டது. மொத்தமே பத்துதான் அச்சிட்டார்கள்.

இணையத்தில் பேசிவைத்தபடி, காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா அதைப் பீளமேடு பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்தார். பதிலுக்குக் கேட்டது, என்னிடம் நான்கு இருக்கும் சாதாரண கார்டு ஒன்றை.

"உங்களுக்குத்தானுங்க நஷ்டம்" என்றேன்.

"தெரியுமுங்க. ஊட்டுக்காரரு பக்கவாதம் வந்து படுத்திருக்காருங்க. ஆல்பத்துல அந்த ஒரு கட்டந்தான் காலி. தங்கத்தைக் குடுத்தாவது வாங்கிட்டு வரச் சொன்னாருங்க."

சாதாரண கார்டைச் சும்மா கொடுத்து, தங்கத்தையும் அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"நல்லா இருக்கோணும் கண்ணு" என்று பஸ் ஏறினார்.

வீடு வரும்வரை பெருமையாகத்தான் இருந்தது. இப்போது என் ஆல்பத்தில் அதற்காக விட்டிருந்த காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீதி ஒன்பதில் ஒன்றை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பவர்கள் மட்டும்.