ஓர் அத்தாப்பு கொண்டு வந்தால் ஆட்டம் பார்க்கலாம்

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஸ்பேனர் பிடித்த நேரத்தைவிடப் பந்து உதைத்த நேரம் அதிகம் என்று. அவரை வேலைக்கு எடுத்ததே அவருடைய காலுக்காகத்தான். பட்டறைத் துரைக்குப் பந்தாட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் ஜெயிக்க ஆள் வேண்டும் என்று தேடிப் பிடித்துப் பட்டறையில் பேர் எழுதிக்கொள்வார். பதினொரு பேரில் மலாய்க்காரர் உண்டு, சீக்கியர் உண்டு, கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் உண்டு. இவர் முன்னால் நின்று கோல் போடுகிறவர்.

என் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் பேசவே இல்லை. அப்பாவும் அம்மாவும் கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள். "கைய நம்பிப் பொழைக்கிறவனத் தேடுனேன், கால நம்பிப் பொழைக்கிறவன் கிடைச்சான்" என்று அம்மாவிடம் சொன்னாராம். இவரிடம் நேராக ஒன்றும் சொன்னதில்லை. இவரும் மாமனாரைக் கண்டால் பேச்சு வராமல் நிற்பார். பொதுவாகவே இவருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

அந்தத் திங்கட்கிழமை விடியும் நேரத்தில் காற்று வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றைச் சுமத்ரா என்பார்கள். வருஷத்துக்குச் சில தடவை வரும், கொடியில் கிடக்கும் துணியைப் பிய்த்துக்கொண்டு போகும், மழை கொட்டும், ஒரு மணி நேரத்தில் வெயில் அடிக்கும். அன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மரம் விழுந்ததோடு சரி. ஆனால் காலை வண்டியில் கிள்ளானிலிருந்து வந்த ரயில் கார்டு, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், உடுப்பைக்கூடக் கழற்றாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒங்க தோட்டம் மேரு பக்கந்தானே? அங்க லயமே பறந்துபோச்சுன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிறாங்க."

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, "கெளம்பு" என்றார். அவ்வளவுதான்.

கிள்ளான் வரை ரயில். அங்கிருந்து தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் லோரியில் பாதி தூரம். மரங்கள் ரோட்டை மறித்துக் கிடந்ததால் மீதியை நடந்தோம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கு வழி தெரியவில்லை. பிறந்து வளர்ந்த இடம். ஆனால் ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்ட தலைமயிர் மாதிரிக் கிடந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் இரண்டு நீள வரிசை. சுவர் இருந்தது, கூரை இல்லை. எல்லார் வீட்டுச் சட்டி பானையும் பாயும் சாமி படமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். இரண்டு பசுமாடுகள் மரத்தடியில் செத்துக் கிடந்தன. அம்மா நனைந்த அரிசியைத் தகரத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கியா? மாப்பிள்ளைக்குக் குடிக்க ஏதாச்சும் குடு" என்றாள். எதைக் கொடுக்க, எந்த அடுப்பில்? அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தோட்டத் துரை கெட்டவர் இல்லை. கூரை ஓலை வேண்டுமென்று ஆளனுப்பிக் கேட்டிருந்தார். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் கூரை போய்விட்டதால் அத்தாப்பு வந்து சேர மூன்று வாரமாகும் என்று தோட்டத்துக் கிராணி சொன்னார். அத்தாப்பு என்றால், ஆற்றோரம் வளரும் நீப்பா ஓலையைக் கழியில் மடித்துத் தைத்த தட்டி. அதை அடுக்கிக் கட்டினால்தான் கூரை. மூன்று வாரம் மழையில் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

இவர் சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு அப்பாவிடம் போய், "மாமா, நான் நாளைக்குப் போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் ரோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், இவரும் இன்னும் எட்டு ஆட்டக்காரர்களும் வருகிறார்கள்! பட்டறைத் துரை ஞாயிறுவரை லீவு கொடுத்திருந்தார். ஒரு நிபந்தனையோடு. அந்த ஞாயிறு கோலாலம்பூரில் துறைமுக ஆட்களோடு ஆட வேண்டிய ஆட்டத்துக்கு எல்லாரும் கை கால் உடையாமல் திரும்பி வர வேண்டும்.

காற்று அள்ளிப் போன அத்தாப்பில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி அன்றைக்கே வேலை தொடங்கியது. கோல்கீப்பர் சீக்கியர், எல்லாருக்கும் பாய்ஜி, ஆறடிக்கு மேல் உயரம். அவரைக் கூரைச் சட்டத்தில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் கீழேயிருந்து அத்தாப்பைக் கைக்குக் கை மாற்றி எறிந்தார்கள். அவர் ஒன்றைக்கூட விடாமல் பிடித்தார். பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் லயத்துப் பெண்கள் கைதட்டினார்கள். இரண்டு நாளாக யாரும் சிரிக்காத இடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. இரண்டு வீட்டை மூடிவிட்டார்கள். எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் ஒரு தூறல். இரண்டு வீட்டுக்குள்ளும் வெளியே இருப்பதைவிட அதிகமாக ஒழுகியது.

ஆற்றோரத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு கொண்டு வந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சாலா லா, தம்பி! சாலா!" தப்பு, எல்லாம் தப்பு என்றார்.

ஆட்டக்காரர்கள் உச்சியிலிருந்து கீழே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடி அத்தாப்பு மேல் அத்தாப்பின்மீது ஏறி உட்கார்ந்து, தண்ணீரை அழகாக வீட்டுக்குள் வழிகாட்டி விட்டிருக்கிறது. மறுநாள் காலை அந்த அம்மா திரும்பி வந்து, கீழே நின்றபடியே குச்சியை நீட்டி நீட்டிச் சொல்லிக் கொடுத்தார். இறவாரத்தில் தொடங்கி மேலே போக வேண்டும், கட்டுகிற பிரம்பு நாரை இப்படி முடிய வேண்டும் என்று. எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். கடைசியில் அந்த அம்மா அவரைக் கூரைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி மண் சுமக்க அனுப்பினார்.

வியாழன் மத்தியானத்துக்குள் அத்தாப்பு தீர்ந்துபோனது. ஐந்து வீடுதான் மூடியிருந்தது.

எல்லாரும் களைத்து உட்கார்ந்திருந்தபோது இவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு தோணுது. ஞாயித்துக்கெழம ஆட்டத்த இங்கயே ஆடுனா என்ன? பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒரு அத்தாப்பு கொண்டு வரட்டுமே."

"இத எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவங்ககிட்ட சொல்லுங்க!"

"நீ சொல்லேன்" என்றார்.

ஆட்டக்காரர்கள் துள்ளி எழுந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணி அன்றைக்கே ரயிலேறிப் பட்டறைத் துரையிடம் அனுமதி வாங்கினார். துறைமுக ஆட்கள், "எங்க ஆடினாலும் நாங்கதான் ஜெயிப்போம், வரோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். இனி ஊருக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை காலை இவரும் நானும் கிள்ளான் பாசாருக்குப் போனோம். மீன் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தைக் காலால் தட்ட ஆரம்பித்தார். பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தோள், தோளிலிருந்து நெற்றி, திரும்பவும் பாதம். பந்து தரையைத் தொடவில்லை. மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்தார். கூடையோடு போனவர்கள் நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய வட்டமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இவர் பந்தைக் கையில் பிடித்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காது வரை சிவந்துபோய் என்னைப் பார்த்தார்.

நான் அதுவரை அந்நிய ஆண்கள் முன்னால் சத்தமாகப் பேசியதில்லை. கடையில் சாமான் கேட்பதைக்கூட இவரிடம் சொல்லித்தான் கேட்பேன். அன்றைக்கு என் கால் தானாக முன்னால் போனது.

"அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க! இவரு என் வீட்டுக்காரரு. நாளைக்கு மேரு பக்கம் எங்கப்பா அம்மா இருக்கிற தோட்டத்துல பெரிய ஆட்டம். கோலாலம்பூர் ரயில்வேக்காரங்களும் தொறமுகத்துக்காரங்களும் ஆடுறாங்க. காசு வேணாம். ஒரு அத்தாப்பு கொண்டாந்தா உள்ள விடுவோம். அங்க புள்ளைங்க மழையில படுத்திருக்குதுங்க!"

துணிக்கடை ராவுத்தர்தான் முதலில் பேசினார். "அத்தாப்பு கிடைக்காதவங்க என்ன செய்யறது, தங்கச்சி?"

"ஆணி, பிரம்பு, அரிசி, பாய், எதுன்னாலும் கொண்டாங்க!"

"அப்ப நான் பாயோட வரேன். நல்லா உக்காந்து பாக்கலாம், திரும்பிப் போறப்ப பாய ஒங்களுக்குக் குடுத்திடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தன் கடைப்பையனிடம் மலாயிலும் சீனத்திலும் அதையே உரக்கச் சொல்லச் சொன்னார். தோட்டத்துக்குத் திரும்பும்போது இவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை செம்மண் ரோட்டில் பார்த்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆட்கள் தெரியவில்லை, அத்தாப்புதான் தெரிந்தது. தலையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு நீளமான கூரை, தானே எழுந்து தோட்டத்துக்கு நடந்து வருகிற மாதிரி. கம்பத்து மலாய்க்காரர்கள் படகு நிறையக் கொண்டு வந்து ஆற்றங்கரையில் இறக்கினார்கள். காய்கறித் தோட்டத்துச் சீனக் குடும்பம் ஒன்று பழைய தகரங்களை வண்டியில் ஏற்றி வந்தது. ராவுத்தர் சொன்னபடி பாயோடு வந்தார், ஒன்று இல்லை, ஒரு கட்டு.

வாசலில் அத்தாப்பு வாங்க அம்மாவை நிறுத்தியிருந்தோம். தோட்டத் துரை தன் குதிரையில் வந்து இறங்கி, தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே நடந்தார். அம்மா கையிலிருந்த பிரம்பைக் குறுக்கே நீட்டினாள். துரையை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள் அவள்.

"தொரைக்கும் ஒண்ணு வேணுமுங்க."

தோட்டத்துக் கிராணி தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார். துரை அம்மாவைப் பார்த்தார், பிரம்பைப் பார்த்தார். பிறகு ஆற்றங்கரைக்குப் போய் ஓர் அத்தாப்பைத் தானே தலையில் சுமந்து கொண்டுவந்து அம்மா காலடியில் வைத்தார். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் குதிரை மிரண்டுவிட்டது.

விழுந்த ரப்பர் மரங்களை இழுத்துப் போட்டு இடம் பண்ணியிருந்தார்கள். அந்த மரங்களிலேயே கோல் கம்பமும் நட்டிருந்தார்கள். ஆட்டம் எப்படி என்று கேட்டால், எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஓடினார்கள், சேற்றில் விழுந்தார்கள், எழுந்தார்கள். இவர் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது போட்டபோது எனக்குப் பின்னால் ஒருவர், "அது என் மருமவன்! என் மருமவன்!" என்று கத்துவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா. தலைப்பாகையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்காரர்கள் மூன்று போட்டு ஜெயித்துவிட்டார்கள். அம்மாவும் மற்ற பெண்களும் பெரிய அண்டாவில் வடித்த சோற்றையும் மரவள்ளிக்கிழங்குக் குழம்பையும் தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகும் துறைமுக ஆட்கள் எல்லாரும் போய்விடவில்லை. "கூரை முடியட்டும்" என்று நாலு பேர் தங்கிவிட்டார்கள்.

திங்களும் செவ்வாயும் வேலை ஓடியது. லீவு முடிந்துவிட்டதே என்று இவர் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தார். செவ்வாய்க்கிழமை பட்டறைத் துரையிடமிருந்து சேதி வந்தது. கூரையை முடித்துவிட்டு வரலாம், அடுத்த ஆட்டத்தில் தோற்றால்தான் மன்னிக்க மாட்டேன் என்று. அதை யாழ்ப்பாணத்துக் கிராணி படித்துச் சொன்னதும் இவர் அங்கேயே கரணம் போட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

புதன்கிழமை மத்தியானம் கடைசி வீட்டின் கடைசி அத்தாப்பைக் கட்டி இறங்கியபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. யாரும் ஒதுங்க ஓடவில்லை. மலாய்க்கார அம்மா, "உள்ளே போங்க, எல்லாரும் உள்ளே!" என்று விரட்டினார். அவரவர் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. அத்தாப்பின்மேல் விழும் மழைக்குத் தனிச் சத்தம் உண்டு, உமியைக் கொட்டுகிற மாதிரி.

முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல்: "ஒழுகல!"

அடுத்த வீடு: "இங்கயும் ஒழுகல!"

ஒவ்வொரு வீடாக அந்தக் கூப்பாடு நகர்ந்து வந்தது. எங்கள் முறை வந்ததும் அம்மாவும் அப்பாவும் இவரும் நானும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். சத்தம் வரிசையின் முனைவரை போய், எதிர் வரிசைக்குத் தாவி, அங்கே நடுவில் நின்றது.

"ஐயையோ, இங்க ஒழுகுது!"

லயமே சிரித்தது. கோல்கீப்பர் கொட்டும் மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே ஆளாளுக்கு ஓர் அத்தாப்போடு ஓடினார்கள். சீக்கியர் மேலே ஏறி ஒன்றைச் செருகி, பிரம்பை இழுத்து முடிந்து, "இப்ப?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நின்னுபோச்சு லா, பாய்ஜி! எறங்கி வாங்க, காப்பி சூடா இருக்கு!"