பச்சை வலையும் ஒரு வெள்ளைக் கோப்பையும்

ஒரு வருஷம் அவகாசம் கேட்டு வேலையை விட்டவள் நான். அதற்குள் ஒரு கண்காட்சியிலாவது என் படம் ஏறாவிட்டால் திரும்ப ஹிஞ்சேவாடி கம்பெனி வேலைக்கே போகிறேன் என்று கணவரிடம் வீறாப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன். வருஷம் முடியப் பத்து நாள்தான் பாக்கி. திங்கட்கிழமைக்குள் கண்காட்சித் தேர்வுக்குப் படம் போக வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பித்தளைச் சொம்பு, இரண்டு எலுமிச்சை, ஒரு வெள்ளைக் கோப்பை. சொம்பை இடப்பக்கம் ஒதுக்கி, கோப்பையைத் தனியாக வலது ஓரத்தில் விட்டிருந்தேன். படத்தின் உயிரே அதுதான். வெள்ளை என்றால் வெறும் வெள்ளையா? எலுமிச்சைப் பக்கம் லேசான மஞ்சள், நிழலில் நீலம். அந்த வளைவை எட்டு நாளாக எண்ணெய் வண்ணத்தில் போடுவதும் சுரண்டுவதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கட்டடத்துக்கு வெளிப்பூச்சு வேலை என்று சாரம் கட்டி, என் ஜன்னலை மறைத்துப் பச்சை வலையைத் தொங்கவிட்டார்கள். கோப்பை பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குடியிருப்புச் செயலாளருக்கு போன் செய்து கத்தினேன்.

"பத்தே நாள் மேடம், தோடா அட்ஜஸ்ட் கரோ" என்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

கணவர் தோசையைப் பிய்த்தபடி, "ஒரு வருஷம்னு நீதானே சொன்னே?" என்றார். தோசைக்கரண்டியாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

அவர் கிளம்பியதும் ஜன்னல் வழியே கை நீட்டி, கத்தரிக்கோலால் வலையில் ஒரு முறம் அளவுக்கு வெட்டினேன். வெளிச்சம் உள்ளே வந்தது. கோப்பை வெளுத்தது. அப்பாடா!

தூரிகையைத் தொட்டிருப்பேன், சாரத்தில் நின்ற கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"தாயீ, ஏன் வெட்டினீங்க? கீழே என் பொண்டாட்டி மணல் சலிக்கிறா" என்றார் இந்தியில்.

சொல்லி வாய் மூடவில்லை. மேலே யாரோ கொத்திய காரைத் துண்டு ஒன்று கம்பத்தில் பட்டுத் தெறித்து, நான் வெட்டிய ஓட்டை வழியாக வெளியே போயிற்று. அவர் அசையவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் கீழேயிருந்து ஒரு பெண்குரல் மராத்தியில் வாய்க்கு வந்தபடி திட்டியது. திட்டம்மா, இன்னும் நல்லாத் திட்டு என்றிருந்தது எனக்கு.

கோணி ஊசியும் சணலும் தேடி எடுத்தேன். கொத்தனார் வலையை இழுத்துப் பிடிக்க, நான் தைத்தேன். மீதி நாட்களில் கோப்பையைப் பச்சையாகவே தீட்டி அனுப்பினேன்.

தேர்வாகவில்லை. வெள்ளைக் கோப்பை ஏன் பச்சை என்று கேட்டார்களாம். மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், கம்பெனி காரில் ஏறும்போது கொத்தனாரின் மனைவி வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக் காட்டிச் சிரித்தாள். அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.